கோலாலம்பூர் ஈரத்தில் சுருட்டுப் பெட்டி: பழக்குவதும் காப்பதும்

இது மேசைமேல் வைக்கும், 50 சுருட்டு கொள்ளும் மர ஹியூமிடார், அதாவது சுருட்டின் ஈரத்தைக் காக்கும் பெட்டி, பற்றியது. உள்ளே ஸ்பானிஷ் சீடார் பலகை, முன்பக்கம் ஈரப்பதம் காட்டும் ஒரு முள் ஹைக்ரோமீட்டர், மூடியில் காந்தத்தோடு ஒட்டும் பச்சைப் பஞ்சு ஈரமூட்டி. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ரகம்தான். கோலாலம்பூர் கொண்டோவில் பல மழைக்காலம் புழங்கியபின் முதலில் சொல்ல வேண்டியது, கூட வரும் கையேட்டை அப்படியே நம்பக்கூடாது என்பது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் காற்று வறண்டுபோகும் நாடுகளுக்காக எழுதிய கையேடு அது. அங்கே பெட்டியின் வேலை ஈரத்தை உள்ளே பிடித்து வைப்பது. இங்கே வெளிக்காற்றின் சராசரி ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. ஏர்கோன் ஓடும் நேரத்தில் மட்டும் அறை 55, 60க்கு இறங்கும். நம் பெட்டி பகலில் ஈரத்தை வெளியே நிறுத்த வேண்டும், இரவில் உள்ளே காக்க வேண்டும்.

அதனால் மூடி எவ்வளவு இறுக்கமாக உட்காருகிறது என்பதை முதலில் பாருங்கள். 10 ரிங்கிட் காகித நோட்டை விளிம்பில் வைத்து மூடியை இறக்கி மெல்ல இழுங்கள். பிடித்து நிற்க வேண்டும். 1 ரிங்கிட் நோட்டு பாலிமர் என்பதால் வழுக்கும், சோதனைக்கு ஆகாது. நான்கு பக்கமும், கீல் இருக்கும் பின்பக்கம் கண்டிப்பாக, சோதியுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சை உள்ளே எரியவிட்டு மூடினால் எங்கே கீறலாக வெளிச்சம் கசிகிறது என்று தெரிந்துவிடும். பின்பக்கம் கசிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவதே மேல். கீலைத் திருகித் திருகிச் சரிசெய்த பெட்டி அடுத்த மழைக்காலத்தில் மறுபடி வாய் திறக்கும்.

அடுத்தது ஹைக்ரோமீட்டர். முள் வகை 5 முதல் 10 சதவீதம் வரை தவறாகக் காட்டுவது சாதாரணம், அதை அலங்காரமாக விட்டுவிட்டு ஒரு டிஜிட்டல் மீட்டர் வாங்குங்கள். டிஜிட்டலையும் உப்பு வைத்துச் சோதிக்க வேண்டும். பாட்டில் மூடி ஒன்றில் சாதாரண சமையல் உப்பு நிரப்பி, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்து ஓடிவிடக்கூடாது. அதையும் மீட்டரையும் ஜிப் பையில் போட்டு, கொஞ்சம் காற்றும் இருக்குமாறு மூடி ஓர் இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். உள்ளே 75 சதவீதம் நிலைக்கும், நம் அறை வெப்பங்களில் இந்த எண் பெரிதாக மாறாது. மீட்டர் 71 காட்டினால் இனி எப்போதும் 4 கூட்டிப் படியுங்கள்.

இனி பழக்குவது, அதாவது சுருட்டு வைக்கும்முன் மரத்துக்கு ஈரம் ஊட்டுவது. ஸ்பானிஷ் சீடார் உண்மையில் சீடார் இனமே அல்ல. மகோகனியும் நம் வேம்பும் சேர்ந்த மீலியேசி குடும்பத்து மரம். ஈரத்தை நன்றாக வாங்கும், மெல்ல விடும், பூச்சிக்குப் பிடிக்காத வாசமும் உண்டு. சூளையில் உலர்த்தி வரும் இந்தப் பலகை ஈரம் குடிக்காத நிலையில் சுருட்டை உள்ளே வைத்தால், அது சுருட்டின் ஈரத்தை உறிஞ்சும். சுருட்டைச் சுற்றியிருக்கும் மேலிலை வெடிக்கும். பழக்குவது அதனால்தான்.

போவேடா என்பது, ஈரத்தை விட்டும் வாங்கியும் தன்மேல் எழுதிய சதவீதத்தில் காற்றை நிறுத்தும் பொட்டலம். அதில் 84 சதவீதப் பொட்டலத்தை, 25 சுருட்டு இடத்துக்கு 60 கிராம் பொட்டலம் ஒன்று என்ற கணக்கில் வைத்து, 14 நாள் திறக்காமல் விடச் சொல்கிறது தயாரிப்பாளர் கணக்கு. 50 இடத்துக்கு இரண்டு. வறண்ட ஊருக்கு அது சரி. இங்கே பெட்டி கடையிலும் கிடங்கிலும் இருந்தபோதே ஓரளவு ஈரம் வாங்கியிருக்கக்கூடும். ஆகவே முதலில் காலிப் பெட்டியில் சோதித்த மீட்டரை மட்டும் வைத்து 2 நாள் மூடி வையுங்கள். 50க்குக் கீழே காட்டினால் முழு 14 நாளும் வேண்டும். 60ஐ ஒட்டிக் காட்டினால் அவ்வளவு தேவைப்படாது.

எண்ணைவிட எடை தெளிவாகப் பேசும். பொட்டலத்தை வைக்கும்முன் சமையல் தராசில் நிறுத்து, உறையின் ஓரத்தில் பேனாவால் எழுதிவிடுங்கள். 4, 5 நாளுக்கு ஒருமுறை எடுத்து நிறுத்தால், குறைந்த ஒவ்வொரு கிராமும் மரம் குடித்த தண்ணீர். எடை இறங்குவது நின்றதும் பொட்டலத்தை வெளியே எடுத்து, வெறும் பெட்டியை 24 மணி நேரம் மூடி வைத்து மீட்டரைப் பாருங்கள். 65க்கும் 70க்கும் இடையே தானாக நின்றால் மரம் தயார். 60க்குச் சரிந்தால் பொட்டலம் மறுபடி உள்ளே போக வேண்டும். 75க்கு மேல் நின்றால் மிஞ்சிவிட்டது: ஏர்கோன் ஓடும் அறையில் மூடியைத் திறந்து சில மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள். 84 பொட்டலம் உள்ளே இருக்கும்போது ஒரு சுருட்டைக்கூட வைக்காதீர்கள்.

பொட்டலம் கிடைக்காவிட்டால் அதே உப்புக் குழம்பு உதவும். சிறு பீங்கான் கிண்ணத்தில் வைத்தால் 75க்கு மேல் ஏறாது என்பதால் நம் ஊருக்கு இது இன்னும் பத்திரமான வழி என்றே சொல்வேன். மரத்திலோ கீலிலோ சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உப்பு பித்தளையைத் தின்றுவிடும்.

ஈரத்துணியால் உட்புறத்தைத் துடைக்கும் பழைய முறை மட்டும் வேண்டாம். தண்ணீர் பட்ட இடம் மட்டும் உப்பி, பலகை வளைந்து, மூடி பிறகு சரியாக உட்காராது. குழாய்த் தண்ணீரானால் குளோரினும் தாது உப்பும் சேர்ந்துகொள்ளும்.

பச்சைப் பஞ்சையும் கழற்றிவிடலாம். தண்ணீரும் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவமும் சரிபாதி கலந்து ஊற்றினால் 70ஐ ஒட்டி நிற்கும் என்பார்கள். ஆனால் பஞ்சு ஈரத்தை வெளியே விடத்தான் தெரிந்தது. அதிகமாகும் ஈரத்தைத் திரும்ப வாங்குவதை அதனிடம் எதிர்பார்க்க முடியாது, நமக்கோ அதுதான் முக்கியம். இருவழியும் செயல்படும் பொட்டலங்களே இங்கே பொருந்தும். 65 சதவீதத்தில் இரண்டு போதும். சுருட்டு பத்தே இருந்தாலும் பெட்டியின் கொள்ளளவுக்குத்தான் கணக்கு. 69, 72 பொட்டலங்களை நான் பரிந்துரைக்கமாட்டேன்: 28 டிகிரி வெப்பத்தில் 70ஐத் தாண்டினால் பூசணம் சீக்கிரம் பிடிக்கும், சுருட்டும் இழுக்கக் கடினமாகும். இரண்டு வேறு எண் பொட்டலங்களை ஒரே பெட்டியில் போடவும் கூடாது, ஒன்று விடுவதை மற்றது குடித்துக்கொண்டே இருக்கும்.

கையேடு பொட்டலம் காய்ந்து கெட்டியாவதை மட்டுமே எச்சரிக்கும். இங்கே அது ஊதிப் பருப்பதுதான் அடிக்கடி நடக்கும். வாங்கிய நாளின் எடையைவிட 5, 6 கிராம் கூடியிருந்தால் மூடி எங்கோ கசிகிறது அல்லது பெட்டி அளவுக்கு மீறித் திறக்கப்படுகிறது என்று பொருள். மாதம் ஒருமுறை நிறுத்துப் பார்த்தால் மீட்டர் காட்டுவதற்கு முன்பே இது தெரிந்துவிடும்.

ஏர்கோன் விஷயம்தான் எல்லாவற்றிலும் பெரிது. இரவு 23 டிகிரி, பகலில் பூட்டிய அறையில் 31 டிகிரி என்று தினமும் ஏறி இறங்கும் வீட்டில், நிரம்பிய பெட்டியில் சூடு ஏற ஏற மரமும் இலையும் ஈரத்தை விட்டு, எண்ணும் சற்றே ஏறும். அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம், பொட்டலம் பார்த்துக்கொள்ளும். கவனிக்க வேண்டியது மூடியைத் திறக்கும் நேரம். 28 டிகிரியில் 80 சதவீதம் ஈரமுள்ள காற்று ஒரு கன மீட்டரில் சுமார் 22 கிராம் நீராவியைச் சுமக்கிறது. 20 டிகிரியில் அதே இடம் 17 கிராம்தான் தாங்கும். அப்படிப்பட்ட காற்று 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேல் பட்டாலும் வேர்க்கும். ஏர்கோனை நிறுத்தி ஜன்னலைத் திறந்த கொஞ்ச நேரத்தில் பெட்டியைத் திறந்தால், குளிர்ந்திருக்கும் மேலிலையில் அந்த ஈரம் படியும். உள்ளிலையும் ஈரம் வாங்கி உப்பினால், அதைத் தாங்காமல் மேலிலை அடிப்பக்கத்திலிருந்து கீறல் விடும். ஏர்கோன் ஓடி ஒரு மணி நேரமாவது ஆனபின் திறந்து, எடுத்து, உடனே மூடுங்கள்.

வைக்கும் இடம் படுக்கையறை அலமாரியின் கீழ்த்தட்டாக இருக்கட்டும். மாலை வெயில் காயும் மேற்குச் சுவர், குளிர்சாதனப் பெட்டியின் தலை, ஏர்கோன் நேராக வீசும் இடம் மூன்றும் ஆகாது. பகலில் ஏர்கோனே ஓடாத வீட்டில், மரப்பெட்டியைவிட ரப்பர் வளையமுள்ள காற்றுப்புகா பிளாஸ்டிக் டப்பாவில் சீடார் துண்டு ஒன்றும் 65 பொட்டலமும் போட்டு வைப்பது நன்றாகக் காக்கும். அழகு குறைவு, நம்பகம் அதிகம்.

வைன் சில்லர் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கம்ப்ரசர் இல்லாத வகை அறை வெப்பத்திலிருந்து 10, 12 டிகிரி மட்டுமே இறக்கும். 31 டிகிரி அறையில் 16 என்று அமைத்தாலும் 20ஐ ஒட்டித்தான் நிற்கும். நமக்கு அதுவே போதும். பின்சுவரில் வேர்க்கும் தண்ணீர் சுருட்டில் படாமல் இடைவெளி விடுங்கள்.

குளிர்ச்சி தேவைப்படுவது வண்டுக்காக. புகையிலை வண்டு 2, 3 மில்லிமீட்டர் நீளம், செம்பழுப்பு நிறம். 20 டிகிரிக்குக் கீழே முட்டை வளர்வது அரிது, நம் வெப்பத்திலோ சில வாரங்களில் தலைமுறையே மாறும். மேலிலையில் குண்டூசி குத்தியதுபோல் வட்டத் துளையும், கீழே நுண்தூளும் தெரிந்தால் அந்தச் சுருட்டை எறிந்துவிட்டு மற்றவற்றை உறைய வைக்க வேண்டும். இரட்டை ஜிப் பையில் காற்றை வெளியேற்றி, ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியின் சாதாரணத் தட்டில், பிறகு மைனஸ் 18 டிகிரி ஃபிரீசரில் 3 நாள், மீண்டும் ஒரு நாள் அதே சாதாரணத் தட்டில். வீட்டு ஃபிரீசரை அடிக்கடி திறப்பார்கள் என்றால் 5 நாள் விடுங்கள். வெளியே எடுத்தபின் பை அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்கவே கூடாது, முன்பு சொன்ன வேர்வைதான் காரணம். அதற்குள் காலிப் பெட்டியின் மூலைகளையும் தட்டுகளின் அடிப்பக்கத்தையும் வேக்கும் கிளீனரால் உறிஞ்சி எடுத்து, பழைய பொட்டலங்களை மாற்றிவிடுங்கள். புதிதாக வாங்கும் சுருட்டையும் இதே முறையில் உறைய வைத்த பிறகே உள்ளே சேருங்கள்.