வீட்டுப் பிரசவம், இரண்டு நோட்டு

அலுவலகத் தோழி ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள். "நீங்க வீட்டிலேயே பெத்துக்கிட்டீங்களாமே, எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டாள். மதிய இடைவேளைக்குள் சொல்லி முடிகிற கதையா அது?

இரண்டாவது மகள் பிறந்தது இங்கே சிங்கப்பூரில், எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுப் படுக்கையறையில். வீட்டுக்கு வந்து பார்க்க மருத்துவச்சி அக்கா. ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும், ஏதாவது ஆனால் ஓடுவதற்கும் மருத்துவமனை. பிரசவத்துக்கு அக்காவோடு ஒரு டாக்டரும் வந்தார். மாமியாருக்குத்தான் பொறுக்கவில்லை. அவர் 1966இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பிறந்தவர். அந்த ஓர் ஆண்டில் அங்கே 39,835 பிரசவம், கின்னஸில் ஏறிய கணக்கு. "அத்தனை பேருக்கு ஆன இடம் உனக்கு ஆகாதாம்மா?" என்பார்.

அக்காவைப் பற்றிக் குறையே கிடையாது. வந்தால் ஒரு மணி நேரம் உட்காருவார். கையை உரசிச் சூடாக்கிக்கொண்டுதான் வயிற்றைத் தொடுவார். தலை எங்கே, முதுகு எந்தப் பக்கம் என்று தடவியே சொல்லிவிடுவார். ஸ்கேனும் பெரும்பாலும் அதையேதான் சொன்னது.

எரிச்சல் எல்லாம் ரத்த அழுத்தத்தில் வந்தது. வீட்டில் சோபாவில் சாய்ந்தபடி பார்த்தால் 112/70. கிளினிக்கில் மூத்தவளை இழுத்துக்கொண்டு ஓடிப்போய், மூச்சு அடங்குமுன் அந்த மூலை இயந்திரத்தில் கையை விட்டால், சீட்டில் 138/88. 140/90ஐத் தொட்டால் சும்மா விட மாட்டார்கள். கர்ப்பகால ரத்தக்கொதிப்பு விளையாட்டில்லை, விடவும் கூடாது. ஆனால் அக்கா வாராவாரம் எழுதிவைத்த நோட்டை நீட்டினால், டாக்டர் அட்டையைத் தாண்டிப் புரட்டவில்லை. "எங்க ரெக்கார்டுல இல்லையே." மறுபடி சிறுநீர், மறுபடி ரத்தம், மறுபடி காசு. ஒவ்வொரு முறையும் இதே கூத்து.

அவசரத்துக்கு 995ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் நாம் கேட்கிற மருத்துவமனைக்குப் போகாது, பக்கத்தில் பொருத்தமானது எதுவோ அங்கேதான் போகும். நம் கோப்பு வேறெங்கோ கிடக்கும். அதனால் ரத்த வகை, ஸ்கேன் முடிவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டச் சொன்னவரும் அக்காதான். மருத்துவமனையில் தானாக நடந்துவிடுகிற தொப்புள்கொடி ரத்தப் பரிசோதனை (ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு, தைராய்டு), காசநோய்த் தடுப்புக்கான பிசிஜி ஊசி, 42 நாளுக்குள் பிறப்புப் பதிவு எல்லாவற்றுக்கும் நாமேதான் அலைய வேண்டும். அலைந்தது என் வீட்டுக்காரர், பாவம்.

வீட்டுப் பிரசவத்துக்குச் சாதகமாக, இங்கிலாந்தில் 2011இல் வந்த பெரிய ஆய்வைப் பலரும் காட்டுவார்கள். அதிலேயே, வீட்டில் பெறத் திட்டமிட்ட தலைப்பிரசவக்காரர்களில் 45 சதவீதம் பேரை மருத்துவமனைக்கு மாற்ற வேண்டியிருந்தது. பிள்ளைக்கு ஆபத்தும் அவர்களிடம்தான் கூடுதல். அங்கே மருத்துவச்சியும் மருத்துவமனையும் ஒரே அமைப்புக்குள் இருந்துமே இந்த நிலை.

உனக்கு இது தலைப்பிரசவம். வேண்டாம்மா. எனக்கே மூன்றாவது ஒன்று என்றால் நேராக வார்டுதான், ஒரே கோப்பு, நிம்மதி. அக்கா நம்பர் தருகிறேன், முன்னும் பின்னும் வந்து பார்க்கட்டும். அவர் எழுதுகிற நோட்டைப் படிப்பாரா என்று மட்டும் முதல் அப்பாயின்ட்மென்ட்டிலேயே உன் டாக்டரிடம் கேட்டுவிடு.