ஹிமாலயன் 411 முன் ஃபோர்க்: கெட்டி ஆயிலா, புது ஸ்பிரிங்கா?

பிரேக் பிடித்தால் வண்டி மூக்கைக் குத்துகிறது என்று சொன்னால் பல ஒர்க்‌ஷாப்பில் வரும் பதில் ஒன்றுதான்: "கெட்டி ஆயில் ஊத்திடலாம் சார்." செலவு குறைவு, அரை நாள் வேலை, சரியான மாதிரியும் தோன்றும். ஆனால் நோய் ஒன்று, மருந்து வேறொன்று.

ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 411 பைக்கில் இருப்பது 41 மி.மீ. டெலஸ்கோப்பிக் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கி ஒன்றுக்குள் ஒன்று இறங்கி ஏறும் குழாய்கள். இறங்கும் தூரம், அதாவது டிராவல், 200 மி.மீ. வெளியிலிருந்து திருக எதுவுமே கிடையாது. எதை மாற்றினாலும் ஃபோர்க்கைத் திறந்தாக வேண்டும். (அடுத்து வந்த ஹிமாலயன் 450-இல் வரும் 43 மி.மீ. ஷோவா தலைகீழ் ஃபோர்க் வேறு ஜாதி, அதை இங்கே கலக்க வேண்டாம்.)

ஃபோர்க் எவ்வளவு தூரம் இறங்கும் என்பது ஸ்பிரிங்கின் கையில். எவ்வளவு வேகமாக இறங்கி ஏறும் என்பது ஆயிலின் கையில். கெட்டி ஆயில் ஊற்றினால் மூக்கு மெதுவாகக் குத்தும், அவ்வளவுதான். பிரேக்கை விடாமல் பிடித்திருந்தால் கடைசியில் அதே ஆழத்துக்குத்தான் போய் நிற்கும்.

அதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. இந்த வகை ஃபோர்க்கில் ஆயில் சிறு துளைகள் வழியாகத்தான் போக வேண்டும். இறங்கும் வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். பாலத்து ஜாயின்ட், உடைந்த தார் விளிம்பு மாதிரி இடங்களில் கெட்டி ஆயில் வழிவிடாது, அடி நேராக மணிக்கட்டுக்கு வரும். வரிசையாகக் குழிகள் வந்தால் ஃபோர்க் முழுதாக நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிடும். வண்டி குனிந்தபடியே ஓடும். லடாக் பக்கம் குளிரில் ஆயில் இன்னும் இறுகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கெட்டி என்பதற்கு 10டபிள்யூ, 15டபிள்யூ என்று டப்பாவில் போட்டிருப்பதையும் அப்படியே நம்ப முடியாது. ஒரு கம்பெனியின் 10டபிள்யூ இன்னொன்றின் 10டபிள்யூவைவிட நீர்த்திருக்கலாம். 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் (ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) என்று டேட்டா ஷீட்டில் பார்த்து ஒப்பிடுவதே சரி.

அதற்காக ஆயில் மாற்றம் வீண் என்று சொல்லவில்லை. பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய ஆயில் சாம்பல் நிறத்தில், உலோகத் தூள் மின்ன, கருவாட்டு நாற்றத்தோடு வடியும். அதைக் கொட்டிவிட்டு மேனுவல் சொல்லும் அதே கிரேடில் புதிது ஊற்றினாலே பாதிப் புகார் போய்விடும். ஊற்றும்போது மில்லி கணக்கை மட்டும் நம்பாதீர்கள், உள்ளே ஒட்டியிருக்கும் பழைய ஆயில் கணக்கைக் கெடுக்கும். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஃபோர்க்கை முழுசாக அமுக்கி, குழாயின் வாயிலிருந்து ஆயில் மட்டம் வரை அளந்து இரண்டு காலிலும் ஒரே அளவு வையுங்கள். மட்டத்தைச் சில மி.மீ. உயர்த்தினால் மேலே அடைபடும் காற்று குறைந்து, கடைசிக் கட்டத்தில் மட்டும் ஃபோர்க் இறுகும். ஏறக்குறைய காசில்லாத வைத்தியம் இது. பேராசைப்பட்டால் சீல் போய்விடும்.

அடுத்து பி.வி.சி. ஸ்பேசர். ஸ்பிரிங் மேல் துண்டுக் குழாய் வைத்தால் வண்டி உயரும், ஸ்பிரிங்கின் கடினம் மாறாது. நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் ஃபோர்க் 60 மி.மீ. பக்கம் இறங்கினால் அது சரியான அளவு, ஸ்பேசருக்கு வேலையே இல்லை. இந்த இறக்கத்தை அளக்க ஃபோர்க் குழாயில் கேபிள் டை கட்டுபவர்கள் முதலில் குழாயை மூடியிருக்கும் ரப்பர் கெய்ட்டரின் கிளிப்பைக் கழற்றி மேலே தள்ள வேண்டும்.

ஸ்பிரிங் என்று முடிவானால் லீனியரா, புரோகிரசிவா? லீனியரில் கடினம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். புரோகிரசிவில் ஒரு முனையில் சுருள்கள் நெருக்கமாக இருக்கும். அவை ஒன்றோடொன்று ஒட்டியபின் மீதிச் சுருள்கள் கடினமாகத் தாங்கும். இன்று தனியாக, நாளை மூட்டையும் ஆளுமாகப் போகிறவர்களுக்கு அது சௌகரியம். எனக்கென்னவோ லீனியர்தான் பிடிக்கும். எடைக்குத் தகுந்த ஸ்பிரிங் ரேட்டில் (கடினத்தில்) வாங்கிவிட்டால், கொண்டை ஊசி வளைவில் பிரேக்கோடு திரும்பும்போது ஃபோர்க் என்ன செய்யும் என்பது முதல் மி.மீ.யிலிருந்தே தெரியும். புரோகிரசிவின் மெத்தென்ற தொடக்கம் பிரேக் தொட்டதுமே கரைந்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. பின்னால் உட்காருபவரின் எடையும் பெட்டிகளும் பெரும்பாலும் பின்சக்கரத்தில்தான் விழுகின்றன. பின்பக்கம் தொங்கினால் ஹேண்டில் லேசாகி, பழி ஃபோர்க் மேல் விழும். பின் ஷாக்கின் பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைக்கும் அளவை) ஏற்றி ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தபிறகு பணத்தை எடுங்கள்.

எமுலேட்டர் வால்வுதான் கடைசிப் படி. ஸ்பிரிங்குக்கு அடியில், ஆயில் போகும் துளைகள் உள்ள உள்தண்டான டாம்பர் ராடின் தலையில் உட்காரும். மெதுவான அசைவைப் பிடித்து, திடீர் அடிக்கு வழிவிடும். கெட்டி ஆயிலால் முடியாத காரியம் இது. ஆனால் ராடின் துளைகளைப் பெரிதாக்க வேண்டும், பழையபடி வேண்டுமென்றால் புது ராடுதான். ஸ்பிரிங் ரேட் சரியில்லாத ஃபோர்க்கில் இதைப் போடுவது தண்டச் செலவு.