சத்திரசிகிச்சைப் பெயர்களை விளக்கும் சேவை: கல்முனையிலிருந்து ஒரு மதிப்பீடு

கல்முனையில் வைத்தியர்களைச் சனல் பண்ணும் (முன்பதிவு செய்து சந்திக்கும்) நிலையமொன்றில், ஓய்வுபெற்ற தாதி ஒருவர் பின்னேரங்களில் அமர்ந்து, நோயாளர்கள் கொண்டுவரும் டயக்னோசிஸ் காட்டுகளிலும் (நோய் விவர அட்டைகளிலும்) சம்மதப் படிவங்களிலும் உள்ள சத்திரசிகிச்சைப் பெயர்களை விளக்கிச் சொல்கிறார். கட்டணம் சொற்பம். சத்திரசிகிச்சை தேவையா இல்லையா என்பதை நிபுணரிடமே கேட்க வேண்டும் என்று அவர் முதலிலேயே சொல்லிவிடுவது எனக்குப் பிடித்திருந்தது.

நீண்ட பெயரை அவர் வாலிலிருந்து வாசிக்கப் பழக்குகிறார். 'எக்டமி' என முடிந்தால் அகற்றுதல், 'ஒட்டமி' என்றால் வெட்டித் திறத்தல், 'பிளாஸ்டி' என்றால் சீரமைத்தல், 'ரஃபி' என்றால் தைத்தல். அப்பெண்டிசெக்டமி குடல்வாலையும், கொலிசிஸ்டெக்டமி பித்தப்பையையும் அகற்றுவது என்பது இதனால் உடனே விளங்கிவிடுகிறது. ஹேர்னியாவில்தான் (குடலிறக்கத்தில்தான்) இந்த முறையின் உண்மையான பயன் தெரிகிறது: குழந்தைகளுக்குப் பெரும்பாலும் செய்யப்படும் ஹேர்னியோட்டமியில் இறங்கிய பையை மட்டும் கட்டி நீக்குவார்கள், ஹேர்னியோரஃபியில் பலவீனமான இடத்தைத் தைப்பார்கள், ஹேர்னியோபிளாஸ்டியில் அந்த இடத்தைப் பலப்படுத்தப் பொதுவாக வலை வைப்பார்கள்.

நான் இருந்த வேளையில், தாயாரின் காட்டுடன் வந்த ஒரு பெண், அதில் 'டி.ஏ.எச்.' என்றும் 'பி.எஸ்.ஓ.' என்றும் எழுதியிருந்ததைக் காட்டி, இரண்டும் ஒன்றுதானா என்று கேட்டார். "இல்ல மகள், முதலாவது கர்ப்பப்பை. மற்றதுல குழாய் ரெண்டும் சூலகம் ரெண்டும் சேர்த்து எடுத்திருக்கு," என்றார் தாதி. 'டி.ஏ.எச்.' என்பதன் முதலெழுத்து 'டோட்டல்', அதாவது 'முழுமையாக' என்பதைக் குறிக்கும்; கருப்பையை அப்படி அகற்றுவது என்றால் கருப்பைக் கழுத்தும் அதனுடன் போகும் என்பதே பொருள். சூலகங்கள் அதில் அடங்கா. மாதவிடாய் நிற்காத வயதில் சூலகங்கள் இரண்டையும் எடுத்தால் அது உடனேயே நின்றுபோன நிலை உண்டாகும் என்பதால், இந்த வேறுபாடு சம்மதப் படிவத்தில் ஒப்பமிடுமுன் தெரிந்திருக்க வேண்டியது. வீட்டில் எல்லாவற்றையும் 'கர்ப்பப்பை ஒப்பரேஷன்' என்று ஒரே பெயரில் சொல்லிப் பழகிவிட்டோம்.

வாய்மொழி விளக்கத்தின் தரம் அங்கு கொடுக்கும் அச்சுத் தாளில் இல்லை. 'ஒட்டமி', 'ஒஸ்டமி' இரண்டையும் ஒரே வரியில் போட்டு 'வெட்டுதல்' என்று முடித்திருக்கிறார்கள். லப்பரோட்டமி வயிற்றைத் திறந்து பார்ப்பது. கொலொஸ்டமி பெருங்குடலை வயிற்றின் வெளிப்புறத்துக்குக் கொண்டுவந்து வாய் அமைப்பது, அதன்பின் மலம் பையில் சேரும். சில மாதங்களுக்கோ ஆயுள் முழுவதற்குமோ பை அணிய வேண்டிய ஒருவர் அந்த வரியை நம்பி ஒப்பமிட்டால், கண்விழித்ததும் அதிர்ந்துபோவார். இதைச் சுட்டிக்காட்டியபோது தாதி மறுக்கவில்லை. தாளை அச்சிட்டது நிலையம் என்றார். திருத்தும்வரை அதை வாங்காமல், அவர் சொல்வதைக் கொப்பியில் எழுதிக்கொள்வதே நல்லது.

மேசை காத்திருப்போரின் கதிரைகளுக்கு அருகில் இருப்பதும் குறைதான். பெண்கள் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டியிருக்கிறது, ஒரு திரையாவது போடலாம். செல்பவர்கள் காட்டையே கொண்டுசெல்ல வேண்டும். கைபேசியில் எடுத்த படத்தில், வைத்தியரின் அவசரக் கையெழுத்தில் 'ஒட்டமி'யை 'ஒஸ்டமி' ஆக்கும் அந்த ஓர் எழுத்து இருக்கிறதா இல்லையா என்பதைத் தாதியாலும் சொல்ல முடியாது.