வயிற்றைத் திறப்பதா, தொடை வழியாகப் போவதா? பெருந்தமனி வீக்கத்துக்கு இரண்டு சிகிச்சைகள்

வயிற்றுப் பெருந்தமனி (இதயத்திலிருந்து வயிறு வழியாக இறங்கும் முதன்மை ரத்தக்குழாய்) வீங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "வயித்தைக் கிழிக்காம பண்ண முடியாதா?" என்பதுதான். முடியும். 1990-இல் புவெனஸ் ஐரிஸ் நகரில் ஹுவான் பரோடி என்ற அறுவை மருத்துவர், தொடைத் தமனி வழியாக ஒரு செயற்கைக் குழாயை மேலே அனுப்பி, வீங்கிய இடத்தை உள்ளிருந்தே மறைத்தார். அதற்கு 39 ஆண்டுகளுக்கு முன்பு, 1951-இல், பாரிஸில் சார்ல் துபோஸ்த் வயிற்றைத் திறந்து, வீங்கிய பகுதியை வெட்டியெடுத்து, இறந்த ஒருவரின் தமனியை அங்கே வைத்துத் தைத்திருந்தார். துபோஸ்தின் வழியிலிருந்து வளர்ந்தது ஓபன் சர்ஜரி. பரோடியின் வழி இன்று 'ஈவார்' என்ற பெயரில் நடக்கிறது. யாருக்கு எது என்பதைத் தழும்பின் நீளம் முடிவு செய்யக் கூடாது. பெருந்தமனியின் கிளைகள் எங்கே, எந்த நிலையில் இருக்கின்றன என்பதுதான் முடிவு செய்ய வேண்டும்.

அதனால் கிளைகளிலிருந்து தொடங்குவோம். பெருந்தமனி, 12-ஆவது மார்பு முள்ளெலும்பின் மட்டத்தில் உதரவிதானத்தைத் தாண்டி வயிற்றுக்குள் வருகிறது. வந்ததும் சீலியாக் தமனி பிரிகிறது. இரைப்பை, கல்லீரல், மண்ணீரல் மூன்றுக்கும் அதுதான் ரத்தம் கொடுக்கிறது. முதல் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் மேல் மெசென்டெரிக் தமனி பிரிகிறது. சிறுகுடலின் பெரும்பகுதியும் பெருங்குடலின் முற்பாதியும் அதை நம்பியிருக்கின்றன. அதற்குச் சற்றுக் கீழே இருபுறமும் சிறுநீரகத் தமனிகள். மூன்றாவது முள்ளெலும்பு மட்டத்தில், பெருங்குடலின் இடப்பக்கத்துக்கான கீழ் மெசென்டெரிக் தமனி. நான்காவதில், ஏறக்குறைய தொப்புளுக்கு நேராக, பெருந்தமனி இரண்டு பொது இலியாக் தமனிகளாகப் பிரிந்துவிடுகிறது. அவை ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகின்றன: காலுக்குப் போகும் வெளி இலியாக், இடுப்புக்கூட்டு உறுப்புகளுக்கும் பிட்டத்துக்கும் போகும் உள் இலியாக். இவை தவிர, பின்பக்கமாக முதுகை நோக்கி லம்பார் தமனிகள் ஜோடி ஜோடியாகப் போகின்றன.

இயல்பாக 2 சென்டிமீட்டர் விட்டத்தில் இருக்கும் பெருந்தமனி 3 சென்டிமீட்டரைத் தொட்டால் வீக்கம் என்கிறார்கள். ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5 சென்டிமீட்டரை எட்டும்போது சிகிச்சைப் பேச்சு வருகிறது. பெரும்பாலான வீக்கங்கள் சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழேதான் தொடங்குகின்றன.

அந்தத் தமனிகளுக்கும் வீக்கத்துக்கும் இடையே எஞ்சியிருக்கும் நல்ல பகுதியை மருத்துவர்கள் 'கழுத்து' என்பார்கள். இரண்டு சிகிச்சைகளும் முதலில் பிரிவது இங்கேதான். ஈவாரில் ஸ்டென்ட் கிராஃப்ட் (உலோகச் சட்டம் வைத்த செயற்கைக் குழாய்) அந்தக் கழுத்தை உள்ளிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தையல் எதுவும் கிடையாது. வழக்கமான கிராஃப்ட்டுகளுக்குக் குறைந்தது 10 முதல் 15 மில்லிமீட்டர் நீளக் கழுத்து வேண்டும், அதிகம் வளைந்திருக்கவும் கூடாது. கழுத்து குட்டையாகவோ, கூம்பு மாதிரி விரிந்தோ, சுண்ணாம்பு படிந்தோ இருந்தால் ரத்தம் பக்கவாட்டில் கசிந்து மறுபடி வீக்கத்துக்குள் போகும். சிறுநீரகத் தமனிகளுக்கு நேராகத் துளை வைத்த கிராஃப்ட்டுகளும் உண்டு, ஆனால் செலவும் சிக்கலும் கூடிவிடும். ஓபன் சர்ஜரியில் கழுத்து குட்டையாக இருந்தாலும் கையால் தைத்துவிடலாம். தேவைப்பட்டால் சிறுநீரகத் தமனிகளுக்கு மேலேயே கிளாம்ப் (ரத்த ஓட்டத்தை நிறுத்தும் இடுக்கி) போடுவார்கள். அந்த நேரம் முழுக்கச் சிறுநீரகங்களுக்கு ரத்தம் போகாது என்பதால், ஏற்கனவே கிரியாட்டினின் கூடி, சிறுநீரகம் பலவீனமாக இருப்பவருக்கு அது பெரிய விலை.

கீழ் மெசென்டெரிக் தமனியை இரண்டு வழிகளிலுமே பெரும்பாலும் இழக்கத்தான் வேண்டும். மேல் மெசென்டெரிக் தமனியிலிருந்து பெருங்குடலின் ஓரமாக வரும் இணைப்புக் குழாயும், உள் இலியாக்கிலிருந்து மலக்குடல் வழியாக ஏறும் கிளைகளும் கைகொடுப்பதால் குடல் பிழைத்துக்கொள்கிறது. ஓபனில் ஒரு வசதி: அந்தத் தமனியின் வாயிலிருந்து ரத்தம் நன்றாகத் திரும்பி வருகிறதா என்று கண்ணால் பார்க்கலாம். வராவிட்டால் அதைக் கிராஃப்ட்டோடு இணைத்துவிடலாம். ஈவாரில் அதைப் பார்க்க வழியில்லை. அதோடு, லம்பார் தமனிகளும் இந்தத் தமனியும் பின்னோக்கி ரத்தத்தை வீக்கப் பைக்குள் தள்ளிக்கொண்டிருக்கலாம். ஓபனில் அந்த வாய்களை உள்ளிருந்தே தைத்து மூடிவிடுகிறார்கள். ஈவாருக்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் ஸ்கேன் எடுக்கச் சொல்வதற்கு இந்தக் கசிவும் ஒரு முக்கியக் காரணம்.

இடுப்புக்குள் வருவோம். நோயாளிகளிடம் மிகக் குறைவாகப் பேசப்படும் பகுதி இது, அது எனக்கு வருத்தம் தருகிறது. வீக்கம் பொது இலியாக் வரை இறங்கியிருந்தால், கிராஃப்ட்டின் 'கால்' (கீழே இரண்டாகப் பிரியும் குழாயின் ஒரு கிளை) வெளி இலியாக்கில் போய் நிற்க வேண்டும். வழியில் உள் இலியாக்கின் வாய் மூடப்பட்டுவிடும். சிறிது தூரம் நடந்ததும் பிட்டத்தில் பிடித்து இழுக்கும் வலி, ஆண்களுக்கு விறைப்புக் குறைபாடு ஆகியவை இதனால் வரக்கூடும். இரண்டு பக்கமும் மூடினால் குடலுக்கான மாற்றுவழியும் போகிறது. உள் இலியாக்குக்குத் தனிக் கிளை வைத்த கிராஃப்ட்டால் அதைக் காப்பாற்றலாம், கேட்டுப் பார்க்க வேண்டும். ஓபனும் இங்கே சுத்தமில்லை. பெருந்தமனி பிரியும் இடத்தைச் சுற்றியுள்ள நுண்ணிய நரம்புகள் அடிபட்டால், விந்து வெளியேறாமல் சிறுநீர்ப்பைக்குள் போகும் பிரச்சினை வரும். அறுபது வயதுக்காரர் இதையெல்லாம் கேட்கக் கூச்சப்படுவார். அதனால் மருத்துவரே முதலில் சொல்லிவிடுவது நல்லது. தொடை வழியாகக் குழாய் ஏற வெளி இலியாக் போதிய அகலமாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. பெண்களின் தமனிகள் மெல்லியவை என்பதால் பலருக்கு இது தடையாகிறது.

சரி, உயிர் விஷயத்தில்? பிரிட்டனில் 1,252 பேரை வைத்து நடந்த 'ஈவார் 1' ஆய்வில், 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் ஈவாரில் 1.8 சதவீதம், ஓபனில் 4.3 சதவீதம். தொடக்கத்தில் ஈவார் தெளிவாக முந்துகிறது. ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களும் குறைவு. ஓபனில் முழுத் தெம்பு திரும்ப இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். ஆனால் சில ஆண்டுகளில் இந்த லாபம் கரைந்துவிட்டது. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஈவார் செய்துகொண்டவர்களிடம்தான் இறப்பு அதிகமாக இருந்தது. அதில் பின்னாளில் வீக்கம் வெடித்ததற்கும் பங்குண்டு.

என் தீர்ப்பு இது. 78 வயது, இதயமோ நுரையீரலோ பலவீனம், கழுத்து நன்றாக இருக்கிறது என்றால் ஈவார். 62 வயது, உடம்பு திடம், கழுத்து குட்டை என்றால் தயங்காமல் ஓபன். இரண்டும் சாத்தியம் என்ற நிலையில் இருப்பவர், ஆண்டுதோறும் ஸ்கேனுக்கு வர முடியுமா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஊரிலிருந்து பஸ் மாறி மாறி வருபவருக்கும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவருக்கும் வாழ்நாள் கண்காணிப்பு சாதாரண விஷயமில்லை. உடம்பு தாங்குமென்றால் அவர்களுக்கு ஓபனைத்தான் சொல்வேன்.

வீக்கம் ஏற்கனவே வெடித்துவிட்டால் கணக்கு வேறு. பெரும்பாலும் பிரிட்டனில், 613 பேரை வைத்து நடந்த 'இம்ப்ரூவ்' ஆய்வில், 30 நாள் இறப்பு இரண்டு வழிகளிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பெரிய வித்தியாசம் இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது ஈவார் வழியில் போனவர்கள் கூடுதலாகப் பிழைத்திருந்தார்கள். மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு ஈவாரைச் செய்ய முடிவது அந்த அவசரத்தில் பெரிய உதவி. அதனால் வெடித்த நிலையில், கிராஃப்ட்டும் அதை வைக்கத் தெரிந்த குழுவும் தயாராக உள்ள ஆஸ்பத்திரி என்றால், 62 வயதுக்காரருக்கும் முதலில் கழுத்தை அளந்து ஈவாருக்கு இடமிருக்கிறதா என்று பார்ப்பதே சரி.