அலுமினியமும் அடிக்கும் என்று சொல்லி விற்கிற டிக் மெஷின், பினாங்குக்காரர்கள் கவனம்

பொழுதுபோக்குக்கு டிக் (TIG) வெல்டிங் மெஷின், அதாவது டங்ஸ்டன் ஊசி நுனியில் மின்பொறி எழுப்பி உலோகத்தை உருக்கி ஒட்டும் மெஷின், வாங்கப் போகிறவர்கள் கடைக்காரர் வாயை நம்பாதீர்கள், மெஷின் பின்னால் இருக்கும் தகட்டைப் படியுங்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும் தம்பிக்குப் பாரம் குறையட்டும் என்று காவடிச் சட்டத்தை அலுமினியத்தில் செய்ய நினைத்தேன். பிறையில் ஒரு கடைத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) அலுமினியம் அடிக்குமா என்று வாட்ஸ்அப்பிலேயே கேட்டேன். "எல்லாம் அடிக்கும் பாஸ்" என்று பதில் வந்தது. 1,200 ரிங்கிட்.

வந்தது வெறும் டிசி மெஷின், அதாவது மின்னோட்டம் ஒரே திசையில் ஓடுவது. இரும்பும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் நன்றாகவே அடிக்கிறது, அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும், அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். ஏசி என்றால் மின்னோட்டம் திசை மாறி மாறி ஓடும், அதில் ஒரு திசை அந்த ஆக்சைடு படலத்தை உடைத்துக்கொண்டே போகும், டிசியில் சாதாரணமாக அடித்தால் பாலாடை மாதிரி மேலே தோல் நிற்க, உள்ளே உருகியது ஒன்றோடொன்று சேராது.

போன் செய்தால், கேபிளை பிளஸ் மைனஸ் மாற்றிப் போட்டு அடிக்கச் சொல்கிறார்! மாற்றினால் சூடு பெரும்பாலும் டங்ஸ்டன் ஊசிப் பக்கம் திரும்பும். நுனி உருண்டையாகி, உருகி, அடிக்கிற அலுமினியத்திலேயே விழுந்தது. மெஷின் விற்கிறவர் பேசுகிற பேச்சா இது?

அப்புறம் அந்த ஆம்பியர் கதை. பெட்டியில் கொட்டை எழுத்தில் 200, தகட்டில் 160, அதுவும் 35 சதவீதம்தான், அதாவது 10 நிமிடத்தில் மூன்றரை நிமிடம் அடித்துவிட்டு மிச்ச நேரம் ஆற விட வேண்டும். நிஜமான 200 ஆம்பியர் என்றால் நம் வீட்டு 13 ஆம்பியர் பிளக் தாங்காது, அதையும் யாரும் சொல்வதில்லை.

தகட்டில் வெல்டிங் மின்னோட்டம் போட்டிருக்கும் பகுதியைப் பாருங்கள். நேர்கோடும் அதன் கீழ் விட்டுவிட்டுப் போகும் கோடும் மட்டும் இருந்தால் டிசி. அலை போன்ற குறியும் சேர்ந்திருந்தால்தான் ஏசி உண்டு. கீழே மின் இணைப்புப் பகுதியில் எப்படியும் ஓர் அலைக்குறி இருக்கும், அது சுவர் மின்சாரத்துக்கானது, அதைக் காட்டி "இதோ ஏசி" என்பார்கள்.

பெட்டியைத் திறந்துவிட்டதால் பணம் திரும்பக் கிடைக்காதாம். சரி என்று பயனீட்டாளர் திரிபியூனலில் மனு போட்டுவிட்டேன். கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். பில்லில் "வெல்டிங் மெஷின்" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார், ஆனால் அந்த வாட்ஸ்அப் பதில் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.