இடப்பக்கக் கிங்பின்னின் கீழ் நிப்பிள்

என்னுடையதைப் போன்ற பழைய லொறி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். பதினொரு ஆண்டுகளாக வைத்திருப்பவன் என்ற வகையில் எஞ்சினைப் பற்றியோ கியர்ப்பெட்டியைப் பற்றியோ எனக்குக் குறை இல்லை. என்னைப் படுத்தியெடுத்தது இடப்பக்கக் கிங்பின்னின் கீழ் நிப்பிள்தான். முன் சக்கரம் இடமும் வலமும் திரும்ப அச்சாக நிற்கும் இரும்புத் தண்டுதான் கிங்பின்; அதற்குக் கிறீஸ் ஏற்றும் சிறு வாய் நிப்பிள்.

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலம் வழியாக வேலணைக்குச் சீமெந்தும் சல்லியும் ஏற்றும் வண்டி இது. இருபுறமும் கடல் என்பதால் முன் அச்சில் உப்பு படியாத நாளில்லை. ஆகவே மாதம் ஒருமுறை கிறீஸ் பம்புடன் வண்டிக்கு அடியில் படுத்துவிடுவேன். மற்ற மூன்று நிப்பிள்களிலும் பழைய கறுப்புக் கிறீஸ் பிதுங்கி வெளியேறி, அதன் பின்னால் புதியது தலைகாட்டும். இந்த ஒன்றில் மட்டும் பம்பின் கைபிடி கல்லாக இறுகி, கிறீஸ் முழுவதும் நிப்பிளின் கழுத்தைச் சுற்றி வழிந்து என் முழங்கையை வந்தடையும். நிப்பிளை நான்கு தடவை மாற்றியும் பயனில்லை.

சென்ற மாதம், வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்ப மறுத்தபோதுதான் எல்லாவற்றையும் கழற்றினோம். கழற்றியவர், 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓடவைத்த தலைமுறையைச் சேர்ந்த மெக்கானிக். கிங்பின்னை அடித்து இறக்கிவிட்டு, அதைச் சுற்றியிருக்கும் உலோக உறையான புஷ்ஷின் துளை நிப்பிளின் துளைக்கு நேரே இல்லாமல் ஒரு விரற்கடை விலகி நிற்பதைக் காட்டினார்.

"தம்பி, ஒன்பது வருசமா நீர் சுவருக்குத்தான் கிறீஸ் அடிச்சிருக்கிறீர்."

அந்தப் புஷ்ஷை ஏற்றிய கராஜை நான் மறக்கவில்லை. ஆனால் அன்று பக்கத்தில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தவன் நான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இம்முறை புதிய புஷ்ஷை ஏற்றியதும் நிப்பிள் துளைக்குள் கம்பி ஒன்றை விட்டு, அது மறுபக்கம் தடையின்றி வருவதைப் பார்த்த பிறகே ரீமரால் புஷ்ஷின் உள்பக்கத்தைச் சீவி அளவுக்குக் கொண்டுவந்தோம். கிங்பின் கையால் தள்ளியே இறங்கியது. இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் ரை றொட்டின் முனைகளைக் கழற்றும்போது எண்ணி வைத்த சுற்றுகளின்படியே திரும்ப முடுக்கினோம், எனினும் சக்கரங்களின் முன்பக்க, பின்பக்க இடைவெளிகளை அளந்து பார்க்காமல் அவர் விடவில்லை. நட்டு கழலாமல் காக்கும் ஸ்பிளிட் பின்னுக்குத் துளை பொருந்தாத இடத்தில் நட்டை இன்னும் சற்று இறுக்கினாரேயொழிய ஒருபோதும் தளர்த்தவில்லை. பிறகு அச்சை ஜக்கில் உயர்த்தி, பாரம் நீங்கிய நிலையில் பம்பை அழுத்தினேன். கீழ் விளிம்பிலிருந்து மஞ்சள் கிறீஸ் நூல்போல வந்தபோது நான் சிரித்துவிட்டேன்.

இப்போது வெறும் வண்டியை இரண்டு விரலால் திருப்பலாம். பாரம் ஏற்றினால் பழையபடி தோள் வலிக்கும், பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி வேறெப்படி இருக்கும்? நண்பருக்கு வாங்கவேண்டாம் என்றே பதில் அனுப்பினேன். அப்படியானால் உன்னுடையதைத் தருகிறாயா என்று கேட்டார். தரமாட்டேன்.