28,500 ரேண்ட் கொடுத்து ஒரு பொய்க் கடிதம் வாங்கினேன்

போன வியாழக்கிழமை இங்கே தென்னாப்பிரிக்காவில், ஜோஹன்னஸ்பர்க் (ஜோபர்க்) பக்கத்தில் உள்ள கெம்ப்டன் பார்க்கில் நான் கணக்கு வைத்திருக்கும் பேங்க்கில் என்னை முக்கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். பக்கத்தில் ஒரு செக்யூரிட்டி. நான் தண்ணீர் குடிக்க எழுந்தால் அவரும் எழுந்தார். 28,500 ரேண்ட் கொடுத்து நானே வாங்கிக்கொண்ட மரியாதை. ஒரு வாரமாகியும் கோபம் அடங்கவில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜோபர்க்கில் இருந்து கனடாவுக்கு முயற்சி செய்யும் நம்ம ஆட்கள் முழுசாகப் படியுங்கள். என்னென்ன கவனிக்கணும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நான் எலக்ட்ரீஷியன். 2019-ல் இந்த ஊருக்கு வந்தேன். மனைவியும் மகளும் பாளையங்கோட்டையில். போன வருஷம் ஃபோர்ட்ஸ்பர்க்கில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் விசா கன்சல்டன்சிக்குக் கூட்டாளி ஒருத்தன் கூட்டிப்போனான். பெயரைப் போட வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை. உள்ளே போனதும் முருகன் படம், ஊதுபத்தி வாசனை. அங்கே இருந்தவர் என் பேச்சைக் கேட்டதும் "அண்ணாச்சி, நெல்லையா? நமக்கு தூத்துக்குடி" என்றார். அவ்வளவுதான். ஆறு வருஷமாக உடைந்த இங்கிலீஷில் பேசிக்கொண்டிருப்பவனுக்கு அந்த ஒரு 'அண்ணாச்சி' போதும். என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று சொன்னதை ஞாபகம் வைத்து அடுத்த முறை விசாரித்தார். அம்மாவைப் பற்றி விசாரிக்கிறவன் ஏமாற்றுவானா என்று நினைத்தேன் பாருங்கள், அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன்.

எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்பது கனடாவில் குடியேற ஆன்லைனில் விவரம் பதியும் முறை. அந்த புரொஃபைலை அவர்களே நிரப்பினார்கள். கையில் உள்ள பணம் என்ற இடத்தில் 24,000 கனடா டாலர் என்று போட்டிருந்ததை நான் அன்றைக்கு கவனிக்கவே இல்லை. என் கணக்கு வேறு. நான்தானே முதலில் போகப் போகிறேன், ஒரு ஆளுக்கு உண்டான பணம் போதும் என்று சேர்த்துவைத்திருந்தேன். கையில் எவ்வளவு பணம் காட்டணும் என்று கனடா 2025 ஜூலையில் மாற்றிய அட்டவணைப்படி ஒருவருக்கு 15,263 டாலர். மூன்று பேர் குடும்பம் என்றால் 23,360. மனைவி, பிள்ளை கூட வந்தாலும் வராவிட்டாலும் தலைக்கணக்கில் சேர்த்துத்தான் காட்டணும். இது செப்டம்பரில், விண்ணப்பம் போடச் சொல்லிக் கனடாவில் இருந்து அழைப்பு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ரேண்ட் கணக்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் குறைகிறது. அழைப்பு வந்தால் 60 நாளுக்குள் விண்ணப்பம் போட்டாக வேண்டும்.

கடன் வாங்கி நிரப்பவும் முடியாது. கடன் பணத்தைக் காட்டக் கூடாது, வீடு நிலத்தின் மதிப்பும் செல்லாது. பேங்க் கடிதத்தில் கணக்கு எண், தொடங்கிய தேதி, இன்றைய இருப்பு, 6 மாத சராசரி இருப்பு, நமக்குள்ள கடன் எல்லாம் இருக்க வேண்டும். இன்றைக்கு யாராவது பணத்தைப் போட்டால் சராசரி பல்லைக் காட்டிவிடும்.

"அது எங்க தலைவலி அண்ணாச்சி, நீங்க நிம்மதியா தூங்குங்க" என்றார் கன்சல்டன்சிக்காரர். அவர்களிடம் 'முதலீட்டாளர்கள்' இருக்கிறார்களாம். பேங்க்கில் உள்ளே ஆள் இருக்கிறாராம். எல்லாம் முறைப்படி கடிதமாகவே வந்துவிடுமாம். 28,500 ரேண்ட். ஊரில் என் மனைவி பெயரில் டெபாசிட் இருக்கிறதே, அதைக் காட்டலாமா என்று கேட்டேன். "இந்தியாப் பணம் செல்லாது" என்று ஒரே போடாகப் போட்டார். அது பச்சைப் பொய். கூட வரும் மனைவியின் பெயரில் உள்ள பணத்தை, நமக்கும் அதை எடுக்க வழி உண்டு என்று நிரூபித்தால், கணக்கில் சேர்க்க வாய்ப்பு இருக்கிறது. கனடா அரசின் தளத்திலேயே போட்டிருக்கிறது. இலவசமாகக் கிடைத்த பதிலை விட்டுவிட்டு 28,500 கொடுத்துப் பொய்யை வாங்கியிருக்கிறேன்.

பத்தாயிரம் ரொக்கம், மீதி இ.எஃப்.டி. (பேங்க் வழியாக அனுப்புவது). அதுவும் கம்பெனி கணக்குக்கு இல்லை, யாரோ ஒரு பெண் பெயரில் இருந்த கணக்குக்கு. "கம்பெனில போட்டா 15 சதவீதம் வாட் உங்க தலையில விழும்" என்றார். எனக்காகத்தான் சொல்கிறார் என்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். இது நேர்மையான காரியம் இல்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அவர் வாயால் 'முறைப்படி' என்ற வார்த்தையைக் கேட்டு மனசைத் தேற்றிக்கொண்டேன். அவர்கள் தொழிலே நம்முடைய இந்த அரைகுறை மனசாட்சியை வைத்துத்தான் ஓடுகிறது.

பிறகு இழுத்தடிப்பு. பேங்க் ஆள் லீவு. அப்புறம் தீபாவளி. அப்புறம் பாஸ் டர்பனில் கோயில் விசேஷத்துக்குப் போயிருக்கிறார். அக்டோபர் 28-ம் தேதி கடிதம் வாட்ஸப்பில் பி.டி.எஃப். ஆக வந்தது. லெட்டர்ஹெட், முத்திரை, கையெழுத்து எல்லாம் அழகாக இருந்தது. கணக்கு தொடங்கிய வருஷம் 2016 என்று போட்டிருந்தது. நான் இந்த நாட்டில் கால் வைத்ததே 2019. கடன் எதுவும் இல்லை என்று இருந்தது. அதே பேங்க்கில்தான் எனக்குக் கார் லோன் ஓடிக்கொண்டிருக்கிறது!

கேட்டதற்கு "அதெல்லாம் கனடாக்காரன் பாக்க மாட்டான்" என்று பதில். தூக்கம் வரவில்லை. வியாழக்கிழமை கடிதத்தை எடுத்துக்கொண்டு பேங்க்குக்கே போனேன். கவுன்டரில் இருந்த அம்மா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே எடுத்துப் போனார். அப்போதுதான் செக்யூரிட்டி வந்து நின்றது. மேனேஜர் வந்து, இது எங்கள் கடிதம் இல்லை, கையெழுத்துப் போட்டவர் என்று ஒருவர் இங்கே வேலையிலேயே இல்லை என்றார். இதைக் கனடாவுக்கு அனுப்பியிருந்தால் பொய்த் தகவல் என்று 5 வருஷத் தடை விழும். அனுப்பிய பணத்தைத் திருப்ப முடியுமா என்று கேட்டேன். போன பணம் போனதுதான், அந்தக் கணக்குக்காரர் சம்மதித்தால்தான் என்றார்கள்.

அன்றைக்கே ஃபோர்ட்ஸ்பர்க் போனேன். ரிசப்ஷனில் இருந்த பெண் "சார் மீட்டிங்ல இருக்கார்" என்றாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவர் வடை தின்றுகொண்டிருந்தது தெரிந்தது. திங்கட்கிழமை திரும்பப் போனேன். வேறு ஒருத்தர், தமிழே தெரியாதவர், "நீங்கள் எங்களுக்குக் கொடுத்தது புரொஃபைல் ஃபீஸ், அது ரீஃபண்ட் ஆகாது" என்றார். ரசீது? அதில் 'சேவைக் கட்டணம்' என்று மட்டும் இருக்கிறது, அதுவும் பத்தாயிரத்துக்குத்தான். வாட்ஸப்பில் இரண்டு நீல டிக், பதில் இல்லை. நேற்று ராத்திரி ஒரே ஒரு மெசேஜ் வந்தது: "போலிக் கடிதம் கேட்டது நீங்க. நாங்க கனடாவுக்கு எழுதிப் போட்டா தெரியும்." இப்போது அண்ணாச்சி இல்லை, 'நீங்க'.

போலீஸ் ஸ்டேஷனிலும் இதே கேள்விதான். "பொய்க் கடிதத்துக்குத்தான் பணம் கொடுத்தீர்களா?" தலை குனிந்துகொண்டே அஃபிடவிட் எழுதிக் கொடுத்தேன். கேஸ் நம்பர் எஸ்.எம்.எஸ்.ஸில் வந்தது, அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குத் தெம்பு இல்லை. நாலு விஷயம் மட்டும். காசு வாங்கிக்கொண்டு விண்ணப்பம் போடுகிறவர் கனடாவின் குடியேற்ற ஆலோசகர் காலேஜ் (ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுக்கும் அமைப்பு) பட்டியலில் இருக்கிறாரா, இல்லை அந்த நாட்டு வக்கீலா என்று பாருங்கள். பட்டியல் இணையத்தில் சும்மாவே கிடைக்கிறது. இவருடைய விசிட்டிங் கார்டில் இருந்த நம்பரை நேற்றுத்தான் தேடினேன், அப்படி ஒன்று இல்லை. புரொஃபைலை நீங்களே நிரப்புங்கள். தனி ஆள் கணக்குக்குப் பணம் போடாதீர்கள். பேங்க் கடிதத்தை பேங்க்கில் போய் வாங்குங்கள்.

விண்ணப்பம் போட எனக்கு இன்னும் 11 நாள் இருக்கிறது. மனைவி இன்று காலையில் பாளையங்கோட்டை பேங்க்கில் போய் நின்றாள். டெபாசிட்டுக்கு இங்கிலீஷில் கடிதம், 6 மாத சராசரியோடு வேண்டும் என்றதும் அவர்களுக்குப் புரியவில்லையாம், திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். "எவ்வளவுங்க போச்சு?" என்று போனில் கேட்டாள். எட்டாயிரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். 28,500 என்று அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.